சான்றிதழும் கடல் கடக்கும்

மும்பை வடாலாவில் ஒரு தமிழ்க் குடும்பம். கணவர் ஓமன் நாட்டில் மஸ்கட் நகரில் வேலை செய்கிறார். மனைவியையும் மகளையும் அங்கே அழைத்துக்கொள்ள விரும்புகிறார். அதற்கு இரண்டு காகிதங்கள் வேண்டும். ஒன்று, திருமணச் சான்றிதழ். மற்றொன்று, மகளின் பிறப்புச் சான்றிதழ்.

இரண்டும் வீட்டில் இருக்கின்றன. அப்படியே கொண்டுபோகலாமா? முடியாது.

ஏன்? மும்பை மாநகராட்சி அதிகாரியின் கையெழுத்து மஸ்கட்டில் இருப்பவருக்குத் தெரியாது. அது உண்மையா, போலியா என்று அவர் எப்படி அறிவார்? "இது எங்கள் அதிகாரியின் கையெழுத்துதான்" என்று நம் அரசு சாட்சி சொல்ல வேண்டும். அந்தச் சாட்சிதான் முத்திரை.

முதல் படி: மாநில அரசு

சான்றிதழ் எந்த மாநிலத்தில் வாங்கியதோ, அந்த மாநில அரசு முதலில் முத்திரை இட வேண்டும். நாம் எங்கே குடியிருக்கிறோம் என்பது கணக்கில்லை.

மகள் மும்பையில் பிறந்தாள். அவளுடைய சான்றிதழ் மகாராஷ்டிர அரசிடம் போகும். திருமணம் திருநெல்வேலியில் பதிவானது. அந்தச் சான்றிதழ் தமிழ்நாடு அரசிடம் போகும். ஒரே வீட்டுக் காகிதங்கள். ஆனால் வழி இரண்டு.

இரண்டாம் படி: மத்திய அரசு

அடுத்து இரண்டும் வெளியுறவு அமைச்சகத்துக்குப் போகும். அமைச்சகத்தின் அனுமதி பெற்ற நிறுவனங்கள் நம்மிடம் வாங்கி அனுப்பும். அமைச்சகம் சான்றிதழின் பின்புறம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டும். அதன் பெயர் அப்போஸ்டில். அதில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை இணையத்தில் சரிபார்க்கலாம்.

அப்போஸ்டில் என்பது 1961-இல் ஏற்பட்ட ஹேக் உடன்பாடு தந்த முறை. இந்தியாவில் இது 2005 ஜூலை 14 முதல் நடப்பில் உள்ளது. ஓமனில் 2012-இலும் சவூதி அரேபியாவில் 2022-இலும் நடப்புக்கு வந்தது.

குவைத்தும் துபாய் உள்ள அமீரகமும் இந்த உடன்பாட்டில் சேரவில்லை. அங்கே போகும் காகிதத்துக்கு, அமைச்சக முத்திரைக்குப் பிறகு அந்த நாட்டுத் தூதரக முத்திரையும் வேண்டும்.

ஏமாற வேண்டாம்

அப்போஸ்டிலுக்கு அமைச்சகக் கட்டணம் காகிதம் ஒன்றுக்கு 50 ரூபாய். நிறுவனத்தின் சேவைக் கட்டணம் தனி. "எல்லா முத்திரையும் நாளைக்கே வாங்கித் தருகிறேன்" என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் யோசியுங்கள். போலி முத்திரை இட்ட காகிதம் செல்லாது. பணமும் போகும், பயணமும் நிற்கும்.

ரசீது வாங்காமல் அசல் சான்றிதழை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் மேல் முத்திரை பதியாது.

பெயர் எழுத்துகளைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் முதலில் திருத்துங்கள். முத்திரை கையெழுத்துக்குத்தான் சாட்சி. உள்ளே இருக்கும் பிழையை அது சரியாக்காது.

விடை எழுதுங்கள்

1. திருநெல்வேலியில் வாங்கிய சான்றிதழுக்கு எந்த மாநில அரசு முத்திரை இடும்?
2. குவைத் போகும் காகிதத்துக்குக் கடைசியாக யாருடைய முத்திரை வேண்டும்?
3. உங்கள் வீட்டில் உள்ள சான்றிதழ்களை எடுங்கள். ஒவ்வொன்றும் எந்த மாநிலத்தில் வாங்கியது? பட்டியல் எழுதுங்கள்.