வேகச் சம்மன்: கட்டுவதா, எதிர்ப்பதா?

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் கடை வைத்திருப்பவருக்கு அரை நாள் போனால் வியாபாரம் போச்சு. அதனால் சம்மன் வந்ததும் கொதிக்காமல் முதலில் கேமரா எடுத்த படத்தைக் கேட்டுப் பாருங்கள். வண்டி எண், நிறம், மாடல் எல்லாம் உங்களுடையதுதானா? நேரம் ஒத்துப்போகிறதா? நெடுஞ்சாலையில் வேக வரம்பு பொதுவாக மணிக்கு 110 கிலோமீட்டர். ஆனால் சில இடங்களில் 90, 80 என்று பலகை நிற்கும். அங்கே ‘110 தானே’ என்ற வாதம் எடுபடாது.

உங்கள் எண்ணை வேறொருவர் ஒட்டிக்கொண்டு ஓடினால் தாராளமாக எதிர்க்கலாம். முதலில் போலீஸ் புகார். கூடவே அன்றைய பார்க்கிங் ரசீது, டச் அண்ட் கோ பதிவு. வண்டி உங்களுடையதுதான், ஆனால் ஓட்டியது தம்பியா, டிரைவரா? 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115ஆம் பிரிவுப்படி, கேட்டால் அவர் விவரத்தை உரிமையாளர் கொடுத்தாக வேண்டும்.

‘எல்லாரும் அப்படித்தான் போனாங்க’ என்பது மட்டுமே கையிலிருந்தால் பேசாமல் கட்டிவிடுங்கள். 2026 ஜனவரி முதல் 15 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகைதான், 30 நாள் வரை 33 விழுக்காடு கழிவு, பிறகு முழுத்தொகை. 60 நாள் தாண்டினால் கோர்ட். போலீஸ் சம்மனுக்கு மைபாயார் செயலி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் ‘சம்மன் கழிவு’ லிங்கைத் தொடவே வேண்டாம்.