பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி

குற்றாலமலையை அடுத்த சுந்தரபாண்டியபுரம் முதலிய ஊர்களில் எலுமிச்சை பயிரிடுவோர் இப்பூச்சியின் இயல்பை அறிந்திருத்தல் நலம். இதன் முன்சிறகு சருகு போன்ற கரும்பழுப்பு நிறமுடையது. பின்சிறகு கருங்குறியுடன் செம்மஞ்சளாயிருக்கும். பகலில் சருகோடு சருகாய் மறைந்திருந்து, இரவில் தோட்டத்திற்கு வந்து, உறுதியான உறிஞ்சுகுழலால் பழத்தைத் துளைத்துச் சாற்றைக் குடிக்கும். அத்துளை வழியே பூஞ்சணம் புகுதலால் பழம் அழுகி உதிர்கின்றது. இதனை மரத்தின் நோயெனக் கருதி மருந்தடிப்பது வீண்செலவாம். உதிர்ந்த பழத்தைப் பிதுக்கினால் ஊசித்துளை வழியே சாறு கசியும், அதுவே அடையாளம்.

புழுவோ பழத்தைத் தின்பதில்லை. காட்டிலும் வேலியிலும் படரும் சீந்திற்கொடியின் இலையைத் தின்று வளரும். ஆகவே தோட்டத்தருகிலுள்ள சீந்திலை அகற்றுக. புறம்போக்கிலுள்ளதைக் கிராம அதிகாரிகள் கவனிப்பாராக. மருந்திற்கென வைத்திருப்போர் புழுக்களைப் பொறுக்கி அழிக்கவும். உதிர்ந்த பழங்களை அன்றன்றே புதைத்து, மாலையில் புகைமூட்டம் இடுக. பூச்சி வரப்பறியாது, ஊரார் ஒருங்கே முயன்றாலன்றிப் பயனில்லை.