பந்தெறியும் பிஞ்சுக் கை

நுழையும் முன்

நம் நாட்டுச் சிறுவர்க்குக் கிரிக்கெட் எவ்வாறோ, அவ்வாறே அமெரிக்கச் சிறுவர்க்குப் பேஸ்பால். அங்கு ஒரு குழந்தைக்குப் பந்தெறியக் கற்பிக்கும் முறையை இப்பாடத்தில் அறிவோம்.

பாடம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வில்லியம்ஸ்போர்ட் என்னும் ஊர் உள்ளது. 1939ஆம் ஆண்டு கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் அங்கே சிறுவர்களுக்கென ஒரு பேஸ்பால் அமைப்பைத் தொடங்கினார். 'லிட்டில் லீக்' என்னும் அவ்வமைப்பு இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. பெரியவர்களின் ஆட்டத்தில் பந்தெறியும் தொலைவு 60 அடி 6 அங்குலம். சிறுவர்களுக்கு அத்தொலைவை 46 அடியாகக் குறைத்துள்ளனர்.

கிரிக்கெட்டில் பந்து வீசுபவர் ஓடி வருவார். பந்து பெரும்பாலும் தரையில் பட்டு எழும். பேஸ்பாலில் எறிபவர் ஓடி வருவதில்லை. நின்ற இடத்திலிருந்தே எறிவார். அவர் எறியும் பந்து தரையில் படாமல், மட்டையாளரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் செல்ல வேண்டும்.

முதலில் கற்பிக்க வேண்டியது பிடி. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பந்தின் தையலுக்குக் குறுக்கே அமைய வேண்டும். கட்டைவிரல் அடியில் தாங்க வேண்டும். கை சிறியதாயின் மோதிர விரலையும் சேர்த்துக்கொள்ளலாம். பந்தை உள்ளங்கையில் புதைத்துப் பிடித்தல் கூடாது.

அடுத்தது கால். எறியும் வலிமை காலில் பிறந்து, இடுப்பு வழியே தோளுக்கு ஏறி, இறுதியில் விரல் நுனியை அடைகிறது. வலக்கையால் எறியும் குழந்தை இடக்காலைத் தூக்கி, பந்து பிடிப்பவரை நோக்கி நேராக அடி வைக்க வேண்டும். பந்து கையை விட்டகன்ற பின்னும் கையைச் சட்டென நிறுத்தாமல், இடமுழங்கால் பக்கம் தாழ்ந்து செல்ல விட வேண்டும்.

தொடக்கத்தில் 25 அடித் தொலைவே போதும். பந்து பிடிப்பவரின் கையுறையே குறி. குறி தவறாமல் எறியப் பழகியபின் தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். வேகம் உடல் வளர வளரத் தானே வரும்.

'அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்' என்பர். ஆயினும் அம்மிக்கு நோவு இல்லை. குழந்தையின் கைக்கு உண்டு. வளரும் வயதில் முழங்கை எலும்பின் முனை மென்மையான குருத்தெலும்பாகவே இருக்கும். ஓய்வின்றி எறிந்துகொண்டே இருந்தால் அப்பகுதி இழுபட்டுப் புண்படும். ஆகவே, 2007 முதல் லிட்டில் லீக் ஆட்டங்களில் எறியும் பந்துகளை எண்ணுகின்றனர். ஒரு நாளில் 7, 8 வயதினர் 50 பந்துகளும், 9, 10 வயதினர் 75 பந்துகளும், 11, 12 வயதினர் 85 பந்துகளும் மட்டுமே எறியலாம். 66 பந்துகளோ அதற்கு மேலோ எறிந்தவர் நான்கு நாள் ஓய்வு கொள்ள வேண்டும்.

2014ஆம் ஆண்டு லிட்டில் லீக் உலகத் தொடரில் மோனே டேவிஸ் என்னும் 13 வயதுச் சிறுமி, எதிரணி ஓர் ஓட்டமும் எடுக்காதவாறு பந்தெறிந்து வென்றார். அத்தொடரில் இச்சிறப்பைப் பெற்ற முதற்பெண் அவரே. அவரும் எண்ணிக்கை விதிக்கு உட்பட்டே ஆடினார்.

பந்துகளைப் பிறர் எண்ணலாம். வலியை எறிபவர் மட்டுமே அறிவார். ஆட்டத்தின் மீதுள்ள ஆசையால் குழந்தைகள் வலியை மறைப்பதுண்டு. எனவே, கற்பிக்கும் பெரியவர் "கை நோகிறதா?" என நாள்தோறும் கேட்க வேண்டும். "ஆம்" என்றால் அன்றே பந்தை வாங்கி வைக்க வேண்டும். மாணவர்களே, நீங்கள் எந்த ஆட்டம் ஆடினாலும் வலியை மறைக்காதீர்கள்.

அருஞ்சொற்பொருள்

பிஞ்சு – முதிராதது
குறி – இலக்கு
நோவு – வலி

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. எறியும் வலிமை உடலில் எங்கே பிறக்கிறது?
2. சிறுவர் எறியும் பந்துகளை ஏன் எண்ணுகின்றனர்?
3. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இன்று 70 பந்துகள் எறிந்தாள். அவள் எத்தனை நாள் ஓய்வு கொள்ள வேண்டும்?

ஆ. பிரித்து எழுதுக.
அவ்வமைப்பு, பந்தெறிதல், முதற்பெண்

இ. நீங்கள் ஆடும் ஆட்டம் ஒன்றை உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ எவ்வாறு கற்பிப்பீர்கள்? ஐந்து தொடர்களில் எழுதுக.