மேலே வெக்கை, கீழே கம்பளி

ரொறன்ரோவைச் சுற்றியுள்ள இரண்டு மாடி வீடுகளில் ஜூலை மாதம் ஒரே காட்சிதான். மேல்மாடியில் பிள்ளைகள் போர்வையை உதைத்துவிட்டு வியர்த்துக் கிடப்பார்கள். பேஸ்மென்டில் அப்பம்மா கம்பளிச் சட்டையோடு டிவி பார்ப்பார். வீட்டில் யாராவது ஒருவர் எழுந்துபோய்க் கீழே உள்ள வென்டையெல்லாம் மூடுவார். "இங்க பூட்டினால் காத்து மேல போகும்தானே!"

இதில் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் இந்த நம்பிக்கை சாகவில்லை. மூடிய வென்டின் காற்றில் ஒரு பங்கு மேலே போகத்தான் செய்யும். ஆனால் காற்றுக் குழாய் தண்ணீர்க் குழாய் அல்ல. வென்டை மூட மூடக் குழாய்க்குள் அழுத்தம் ஏறும். ஃபர்னஸின் மோட்டார் பழைய வகை என்றால் தள்ளும் காற்று குறையும். புதிய ஈசிஎம் வகை என்றால் விட்டுக்கொடுக்காமல் வேகமாகச் சுழன்று, ஹைட்ரோ பில்லில் கணக்குத் தீர்க்கும். காற்று ரொம்பக் குறைந்தால் கோடையில் குளிரூட்டும் காயிலில் பனி கட்டலாம். குளிர்காலத்தில் ஃபர்னஸ் சூடேறி, பாதுகாப்பு சுவிட்ச் நெருப்பை அணைத்துவிடலாம்.

ஏறிய அழுத்தம் இன்னொரு வேலையும் செய்யும். குழாய்ப் பொருத்துகளில் உள்ள இடுக்குகள் வழியே காற்றைப் பிதுக்கித் தள்ளும். ஆளில்லாத அறை வென்டை மூடினால் செலவு மிச்சமா என்று கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2003இல் கணக்குப் பார்த்தது. கிடைத்த மிச்சத்தைவிடக் குழாய் இழப்பே பெரிதாக இருந்தது. அங்கே பெரும்பாலும் பரணில் குழாய். கசிந்தது வெளியே போய்விடும். நம் வீடுகளில் பெருங்குழாய் பேஸ்மென்ட் கூரையோடு ஓடுகிறது. எனவே கசியும் குளிர்காற்று இறங்குவது அப்பம்மாவின் தலைக்கு மேலேதான்.

சரிசெய்யும் இடம் வேறு. பெருங்குழாயிலிருந்து கிளை பிரியும் இடத்துக்கு அருகே, பல வீடுகளில் சின்னக் கைப்பிடி ஒன்று இருக்கும். அதன் பெயர் டாம்பர். கைப்பிடி குழாயின் திசையிலேயே இருந்தால் திறப்பு, குறுக்கே நின்றால் மூடல். கோடையில் கீழ்த்தளக் கிளைகளைக் கொஞ்சமாகக் குறுக்கி, ஒருநாள் விட்டு, மேலே தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். பிறகு இன்னும் கொஞ்சம். குளிர்காலத்தில் சூடான காற்று தானே மேலே ஏறும் என்பதால் கணக்குத் தலைகீழ். இரண்டு நிலையையும் மார்க்கர் பேனாவால் குழாயிலேயே குறித்துவையுங்கள். டாம்பரும் அழுத்தத்தை ஏற்றும்தான், ஆகவே எதையும் முழுதாக மூட வேண்டாம். (பேஸ்மென்டை வாடகைக்கு விட அவசரமாகக் கூரை அடித்தவர்கள் அந்தக் கைப்பிடிகளையும் சேர்த்தே மூடியிருப்பார்கள். அவர்களுக்கு என் அனுதாபம்.)

"வென்டில் காற்று வருகிறது, பிறகென்ன?" வந்த காற்று திரும்பிப் போகவும் வழி வேண்டும். காற்றை இழுக்கும் துளை நடைவழியில் மட்டும் இருக்கிறது, படுக்கையறைக் கதவு சாத்தியிருக்கிறது, புதுக் கார்ப்பெட் கதவின் அடி இடைவெளியையும் அடைத்துவிட்டது என்றால் அந்த அறை ஊதிய பலூன்தான். புதுக் காற்று உள்ளே நுழையத் தயங்கும். ஓர் இரவு கதவைத் திறந்துவிட்டுத் தூங்கிப் பாருங்கள். செலவில்லாத சோதனை.

தெர்மோஸ்டாட்டை 18க்கு இறக்கினால் சீக்கிரம் குளிரும் என்பதும் வீண். சாதாரண இயந்திரத்துக்கு ஓடுவதும் நிற்பதும் மட்டுமே தெரியும். பெரிய ஏசி வாங்குவது அதைவிட மோசம். தெர்மோஸ்டாட் பெரும்பாலும் இருப்பது தரைத்தள நடைவழியில். பெரிய இயந்திரம் அந்த இடத்தைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு, மேல்மாடிக்குக் காற்று போதுமான அளவு சேருமுன் நின்றுவிடும். ஈரப்பதமும் முழுதாக இறங்காது.

கசிவை அடைக்க டக்ட் டேப்பைத் தேடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. அதே பெர்க்லி ஆய்வகம் 1990களின் இறுதியில் பலவகை ஒட்டுப்பொருள்களைக் குழாய்ப் பொருத்துகளில் போட்டுச் சோதித்தது. தோற்றது, டக்டின் பெயரையே தாங்கிய அந்தத் துணி டேப்தான். மாஸ்டிக் பசையோ, டக்டுக்கென்றே சான்று பெற்ற அலுமினியத்தாள் டேப்போ வாங்குங்கள்.