கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள்

1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரம் சித்தூர்தான். துரைமார் பங்களாக்கள் இருந்த ஊர். பழைய வீட்டுப் பரண்களில் சீமைப் பீங்கான் கிடந்தால் வியப்பில்லை. வயதறியப் பூ வேலையை நம்பாதீர்கள், பழைய பூவைப் புதிதாகவும் அச்சிடுவார்கள். அடிப்பக்க முத்திரையே சாட்சி.

‘இங்கிலாந்து’ என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா அப்போதுதான் கட்டாயமாக்கியது. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்றால் அநேகமாக 20-ஆம் நூற்றாண்டு. விற்பவர் 200 வருடம் என்பார், சிரித்துக்கொள்ளுங்கள்.

சாய்சதுர முத்திரை கிடைத்தால் யோகம்தான். அது 1842 முதல் 1883 வரையிலான வடிவப் பதிவு அடையாளம். உச்சியிலுள்ள வட்டத்தில் ரோமன் நான்கு இருந்தால் பீங்கான், மண்பாண்ட வகை. வட்டத்துக்குக் கீழே எழுத்து இருந்தால் 1842–67. எண் இருந்தால் 1868–83. இது வடிவம் பதிவான ஆண்டுதான், கோப்பை செய்த ஆண்டு அல்ல. அதே வடிவத்தைப் பல வருடம் செய்திருப்பார்கள். 1884 முதல் ‘ஆர்.டி. நம்பர்’ என்று வரிசை எண் வந்துவிட்டது.

ராயல் வூஸ்டர் என்ற பீங்கான் நிறுவனத்தின் முத்திரையில் 1892-இல் ஒரு புள்ளி சேர்ந்தது; பிறகு வருடத்துக்கு ஒன்றாகக் கூடியது. லென்ஸ் வைத்து எண்ணுங்கள்.

முத்திரை தெரியவில்லையென்று புளி போட்டுத் தேய்க்காதீர்கள், தங்கக் கோடு போய்விடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.