ஆய்வுக்கு நூலகம் போகும் முன்

அதிராம்பட்டினத்திலிருந்து தஞ்சை தமிழ்ப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்வர ஒரு முழுநாள் ஆகிவிடும். வெளியாட்களுக்கு அனுமதி உண்டா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். அடையாள அட்டையும் நெறியாளர் கடிதமும் கையில் இருக்கட்டும்.

கல்வியியல் ஆய்வு என்றால் முதல்நாள் இரவே 'சோத்கங்கா' தளத்தில் உங்கள் தலைப்பை ஒட்டிய ஆய்வேடுகளைத் திறந்து பாருங்கள். அவற்றின் கடைசியில் உள்ள நூற்பட்டியல்தான் பொக்கிஷம். தேட வேண்டிய நூல்களை அதிலிருந்தே குறித்துக்கொள்ளலாம்.

டியூவி முறையில் அடுக்கிய நூலகத்தில் கல்விக்கு எண் 370. நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதனின் கோலன் முறை என்றால், ஆங்கில எழுத்து வரிசையில் 'எஸ்'ஸுக்கு அடுத்த 'டி'. தேடிய புத்தகம் கிடைத்ததும் கிளம்பிவிடாதீர்கள், அதற்கு இருபுறமும் இருப்பவற்றையும் புரட்டுங்கள்.

எடுக்கும் ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்திலேயே நூல், ஆண்டு, பக்க எண்ணை எழுதிவிடுங்கள். ஒரே ஒரு பக்க எண்ணுக்காக மறுபடி பஸ் ஏறியவர்கள் உண்டு.