கையெழுத்துப் போடும் முன்

அன்புள்ள தங்கைக்கு,

பதிப்பாளர் கொடுத்த ஒப்பந்தத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தாய். கூடவே, "பெரியவர், கேள்வி கேட்டால் தப்பாக நினைப்பாரோ" என்று ஒரு வரி. கல்யாணமாகி மூன்று மாதம். புகுந்த வீட்டில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று பார்த்துப் பார்த்து நடக்கும் பழக்கம் இதிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பள்ளிப்பட்டிலும் பொதட்டூர்பேட்டையிலும் விசைத்தறி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருப்பாய். எவ்வளவு பாவு வாங்கினோம், எத்தனை மீட்டர் கொடுத்தோம், முன்பணம் எவ்வளவு என்று நோட்டில் எழுதிச் சரிபார்த்துத்தான் கூலி வாங்குவார்கள். முதலாளி கோபித்துக்கொள்வதில்லை. உன் நாவலும் நெய்து கொடுத்த சரக்குதான், தங்கை.

என் முதல் நாவலுக்கு நான் ஒரு துண்டுத்தாள்கூட வாங்கவில்லை. இருபது பிரதிகள் பார்சலில் வந்தன, பூரித்துப்போனேன். நான்கு வருஷம் கழித்துச் சென்னைப் புத்தகக் காட்சியில் அதே நாவலைக் காசு கொடுத்து வாங்கிப் பிரித்தால், உள்ளே 'மூன்றாம் பதிப்பு' என்றிருந்தது. இரண்டாம் பதிப்பு வந்ததே எனக்குத் தெரியாது. நின்ற இடத்திலேயே அழுதேன்.

1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம், 19ஆம் பிரிவைப் படி. உரிமையை எழுதிக் கொடுப்பதென்றால் உன் கையெழுத்து வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 வருஷம்தான். ஆனால் உன் தாளில் 'அனைத்து உரிமைகளும், நிரந்தரமாக' என்றிருக்கிறது. அச்சுப் புத்தக உரிமையை மட்டும் கொடு. மின்நூல், ஒலிநூல், சினிமா, மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் உன்னிடமே வைத்துக்கொள். பாதி வீடுகளில் தெலுங்கு பேசும் ஊரில் இருந்துகொண்டு தெலுங்கு உரிமையைச் சும்மா தூக்கிக் கொடுப்பாயா? ஒவ்வொரு பதிப்பிலும் எத்தனை பிரதி என்று வருஷத்துக்கு ஒருமுறை கணக்குத் தர வேண்டும் என்பதையும் எழுதி வாங்கு.

தொகை பெரிதாக இராது. 200 ரூபாய்ப் புத்தகம் 300 பிரதி விற்று, 10 சதவீதம் ராயல்டி என்றால் 6,000 ரூபாய். அதற்காக, 'வீட்டுக்காரர் கணக்கு எண்ணைக் கொடுங்கள்' என்றால் கொடுத்துவிடாதே. உன் பெயரில் தனிக் கணக்குத் தொடங்கு. இனிஷியலை மாற்றுவதாக இருந்தால் பான் அட்டை, வங்கி, ஒப்பந்தம் மூன்றிலும் ஒரே பெயர் இருக்கட்டும். உன் கணவரிடம் மறைக்காதே, வந்ததைக் காட்டு, எதற்குச் செலவு என்பதைச் சேர்ந்தே பேசுங்கள்.

நாவலாசிரியை வை.மு. கோதைநாயகி அம்மாளுக்கு ஐந்தரை வயதில் கல்யாணம். கணவர் துணை நிற்க, 1925இல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று, தன் நாவல்களைத் தானே வெளியிட்டார். எழுத்தும் கணக்கும் ஒரே கையில் இருந்தன. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தைரியம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கூப்பிடு. இரண்டாம் பக்கத்தில் அந்த 'நிரந்தரமாக' வரும் வரியைச் சேர்ந்து அடித்துத் திருத்துவோம். அதுவரை பேனாவைத் திறக்காதே.

அன்புடன்,
அக்கா